நிலுவையில் இருக்கும் நிழல்

பிற்பகல் ஒன்று பத்துக்கு, இருபத்தேழு பிள்ளைகள் நாலு பாய்களைச் சேர்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்க, அங்கன்வாடி டீச்சர் சந்தனமாரி சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பியபோது, புதுக்கொட்டாரம் பஸ் ஸ்டாண்டு மரத்தின் நிழல் இல்லாமல் போயிருந்தது. மரம் இருந்தது. இலை ஒன்றுகூட உதிரவில்லை, காற்று வந்தபோது வழக்கம்போலச் சலசலத்தது, ஆனால் அப்படியொரு மரம் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல வெயில் நேராக இறங்கிப் பிள்ளைகளின் முகத்தில் அடித்தது. கிளைகளில் உட்கார்ந்திருந்த காக்கைகளின் நிழல் மட்டும் தரையில், அந்தரத்தில் குந்தியிருப்பதைப்போல, தனித்தனியாகக் கிடந்தது.

"லைட்ட அணைங்க டீச்சர்" என்றது முதலில் விழித்துக்கொண்ட பிள்ளை.

எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடாட்சம் எட்டிப் பார்த்துவிட்டு, "மாசாந்திர பராமரிப்பா இருக்கும் டீச்சர். அஞ்சு மணிக்கு மேல வந்துரும்லா" என்றார். அன்று அஞ்சு மணிக்கு மேல் மேகம் மூடி வெயிலே இல்லாததால், நிழல் வந்ததா வரவில்லையா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இது நடந்தது 2013 ஏப்ரலில்.

சந்தனமாரிக்கு அந்த நிழல் சும்மா வந்துபோகிற பொருளல்ல. அங்கன்வாடிக் கட்டிடத்தின் கூரை ஒரு ஐப்பசி மழையில் இறங்கியபோது, தற்காலிகமாக மரத்தடியில் நடத்திக்கொள்ளும்படி மேலிடம் சொன்னது. அந்தத் தற்காலிகத்துக்கு அப்போது ஆறு வயது ஆகியிருந்தது. மேலத்தெருப் பிள்ளைகளும் கீழத்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் புதுக்கொட்டாரத்தில் ஒரே பாயில் படுத்துத் தூங்குகிற இடம் அது ஒன்றுதான். சமத்துவம் வேண்டி யாரும் செய்த ஏற்பாடல்ல, கூரை விழுந்ததால் நேர்ந்த விபத்து. பிள்ளைகள் இருபதுக்குக் கீழே குறைந்தால் மையத்தை நாற்கரச் சாலைக்கு அந்தப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவோம் என்று மேற்பார்வையாளர் மேடம் வருகிற போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். லாரி பறக்கிற சாலையைத் தாண்டி எந்தத் தாயும் மூன்று வயதுப் பிள்ளையை அனுப்பமாட்டாள். ஆகவே நிழல் போனால் மையம் போகும், மையம் போனால் பிள்ளைகள் அவரவர் தெருவுக்குப் போவார்கள், அங்கேயே வளர்ந்து, அங்கேயே பெரியவர்களாகி, அவர்களின் அப்பாக்களைப்போலவே ஆவார்கள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, இந்த ஊரில் எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாமல் வாடகை வீட்டில் இருந்த சந்தனமாரிக்கு அந்த அப்பாக்களைப் பார்க்கப் பார்க்க இதுதான் பெரிய பயமாக இருந்தது.

ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கடாட்சத்தின் ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்புக்கு நகர்ந்தார்கள், சாய்ப்புக்குள் நிற்பவர்கள் டீ குடித்தே ஆகவேண்டும் என்று கடாட்சம் ஒரு சட்டம் போட்டார், வெளியூரிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து வந்து மரத்தடியில் தங்கள் நிழலோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், வற்றல் போடுகிற பெண்கள் இதுவரை இடமில்லாமல் தவித்த தவிப்புத் தீரக் கூழ்வற்றலை மரத்தடியில் காயப்போட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து, மரம் உள்ளது, நிழல் இல்லை, முன்பு இருந்ததற்கு ஆதாரமும் இல்லை என்று தாசில்தாருக்குத் தெரிவித்தார். நாளிதழில் ஏழாம் பக்கத்தில் "நிழல் விழாத மரம்: பொதுமக்கள் அவதி" என்று தங்கம் விலைக்குக் கீழே செய்தி வந்தது. சந்தனமாரி தார்ப்பாய் ஒன்றை இரவல் வாங்கிக் கட்டினாள். தார்ப்பாய்க்குக் கீழே பிள்ளைகள் இட்லிபோல வெந்தார்கள்.

காரணத்தைச் சொல்லிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர் பேராசிரியர் ஞானதிரவியம். பக்கத்து ஊர்க் கல்லூரியில் தாவரவியல் துறைத் தலைவர், நல்ல மனுஷர், நீதி என்ற சொல்லைக் கேட்டால் கண் கலங்குபவர்.

"எல்லாம் என்னாலதான்" என்றார் பெருமையாக. "இந்த மரத்துக்கு அறிவியல் பேரு சிஜீஜியம் ட்ராவர்ஸி. ட்ராவர்ஸ்னு ஒரு எஸ்டேட் தொரை. கூலியாட்கள இந்தச் சாதி மரத்துலதான் கட்டிவச்சு சவுக்கால அடிப்பான். அவன் பேர எடுக்கணும்னு நாலு வருசமா உலக மாநாட்டுக்கு எழுதினேன். அன்னைக்கு ஓட்டுக்கு விட்டு எடுத்துட்டாங்க."

குளிர்நாடு ஒன்றில், கம்பளிச் சட்டை போட்ட எண்ணூறு தாவரவியலாளர்கள் மஞ்சள் அட்டையைத் தூக்கிய அதே நிமிடத்தில்தான் இங்கே நிழல் போயிருக்கிறது. நேர வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் சரியாக இருந்தது.

"அப்பிடி ஒரு ஆளு இருந்ததே எங்களுக்குத் தெரியாதே சார்" என்றார் கடாட்சம். "நாங்க இத மரம்னுதான் சொல்லுவோம்."

"புதுப் பேரு வைக்கிற வரைக்கும் அறிவியல்ல இப்பிடி ஒரு மரமே கெடையாது."

"அறிவியல்ல இல்லன்னா வெயிலுக்கு என்ன சார்?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"வெயிலு அறிவியல்தானம்மா."

அதற்கு மேல் அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் தாணுமாலயனுக்குக் கேட்கத் தெரிந்தது. அவரும் ஞானதிரவியமும் முப்பது வருடம் ஒரே துறையில் இருந்தவர்கள், ஒரே ஸ்கூட்டரில் போனவர்கள், காலையில் ஒன்றாக நடந்து ஒன்றாக டீ குடித்தவர்கள். தன் பெயரைத் தானே ஒரு செடிக்கு வைத்துக்கொள்ளக் கூடாதென்பது அந்தத் துறையின் நாகரிகம். ஆகையால் நண்பர்கள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொள்வார்கள். தாணுமாலயன் கண்டெடுத்த கோரை ஒன்றுக்கு ஞானதிரவியத்தின் பெயர். ஞானதிரவியம் கண்டெடுத்த பாறைப்பாசி ஒன்றுக்குத் தாணுமாலயனின் பெயர். அந்த அளவுக்கு நெருக்கம். ஆனால் தாணுமாலயன் டாக்டர் பட்டம் வாங்கியது சிஜீஜியம் ட்ராவர்ஸியின் இலை நரம்புகளைப் பற்றி ஐந்நூறு பக்கம் எழுதி.

"பேரு அடையாளத்துக்குவே, மரியாதைக்கு இல்ல" என்றார் அவர். "கெட்டவன் பேர எடுக்கணும்னு கெளம்பினா ஒரு செடி மிஞ்சாது. பாதிப் புல்லுக்குக் கொள்ளக்காரன் பேரு, மீதிப் புல்லுக்கு அவன் மாமனார் பேரு. அம்புட்டையும் மாத்துனா நாளைக்கு எது எதுன்னு எவனுக்குத் தெரியும்?"

"அடிச்சவன் பேர, அடிபட்டவன் ஊரு மரத்துல தொங்கவிடச் சொல்லுதீரா?"

"மரத்துல எங்கவே தொங்குது? புஸ்தகத்துலல்லா இருக்கு."

"புஸ்தகத்துலதான மாத்துதேன், உமக்கு எங்க வலிக்கி?"

"அது என் புஸ்தகம்வே!"

"இலை நரம்ப எண்ணுனவருக்கு முதுகுத் தழும்பு தெரியாதுதான்."

"உம்ம பேர அந்தக் கோரைக்கு வச்சேன் பாரும், என்னச் சொல்லணும். மாடுகூட மோந்து பாக்காத கோர!"

அன்றோடு அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தாணுமாலயன் கிழக்கு ரோட்டிலும் ஞானதிரவியம் மேற்கு ரோட்டிலும் நடக்கத் தொடங்கினார்கள்.

ட்ராவர்ஸ் என்று ஒருவன் இருந்ததே தெரியாத ஊர், தெரிந்த மறுநாளே அவனைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் வைத்துக்கொண்டது. ரோடு போட்டது அவன்தான் என்றார்கள் சிலர். அந்த ரோட்டில் குழி விழுந்ததும் அவனால்தான் என்றார்கள் சிலர். அவன் காலத்தில் மரத்தின் நிழல் அவன்மேலும் அவன் குதிரைமேலும் மட்டும்தான் விழும், அவன் செத்து அவன் பெயரை ஊர் மறந்த பிறகுதான் எல்லோர்மேலும் விழ ஆரம்பித்தது என்று காலனியில் ஒரு கதை இருந்தது. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை, ஏனென்றால் அது காலனியில் இருந்தது.

உலக மாநாட்டின் பெயர்க் கமிட்டி புதுப் பெயருக்கு உள்ளூர் மக்களின் விருப்பத்தைக் கேட்டது. கேட்டிருக்கக் கூடாது. பஞ்சாயத்துத் தலைவர் சுயம்பு தன் அப்பா பெயரைச் சொன்னார். நடிகரின் ரசிகர் மன்றம் நடிகர் பெயரைச் சொன்னது. மேலத்தெருச் சங்கம் மாவீரன் கொம்பையாவின் பெயரைச் சொன்னது. கொம்பையா வெள்ளைக்காரனை எதிர்த்து வாள் வீசியவர், வாள் வீசியது உண்மை, வெள்ளைக்காரன் அன்றைக்கு ஊரில் இல்லை. கீழத்தெருச் சங்கம் வித்துவான் ஆதிமூலத்தின் பெயரைச் சொன்னது. காலனி, சடைச்சி என்று ஒரு பெயரைச் சொன்னது. இந்தச் சாதி மரத்தில் கட்டி ட்ராவர்ஸ் அடித்ததில் அங்கேயே செத்துப்போன பெண். அப்படி ஒருத்தி இருந்ததற்கு அத்தாட்சி உண்டா என்று கமிட்டி கேட்டது. அடித்தவன் எழுதிவைத்த குறிப்பில் "ஒரு கூலிப் பெண்" என்று மட்டும்தான் இருந்தது. பெயர் இல்லாதவளின் பெயரை மரத்துக்கு வைக்க விதியில் இடமில்லை என்று மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது.

மேலத்தெருவுக்கு ஓர் எம்.எல்.ஏ.வும் ஒரு துணைவேந்தரும் உண்டு. ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மரம் சிஜீஜியம் கொம்பையாயி ஆனது. கொட்டு முழங்க, வெடி அதிர, நிழல் திரும்பி வந்தது, மேலத்தெருக்காரர்கள் மேல்.

மற்றவர்கள் அதே மரத்தடியில் வெயிலில் நின்றார்கள். சந்தனமாரியின் பாயில் நிழல் சதுரங்கப் பலகைபோல விழுந்திருந்தது. ஒரு பிள்ளைக்குக் குளுமை, ஒட்டிப் படுத்திருக்கிற பிள்ளைக்கு வேர்வை, அதற்கடுத்த பிள்ளைக்குக் குளுமை. இசக்கித்துரைக்கு அப்பா மேலத்தெரு, அம்மா கீழத்தெரு. அவன் உடம்பின் ஒரு பாதி நிழலிலும் ஒரு பாதி வெயிலிலும் தூங்கியது. ஊரிலிருந்து பலர் வந்து அதைக் குனிந்து பார்த்துவிட்டு, அப்போ அந்தக் கல்யாணம் நெசந்தான் என்று சொல்லிப்போனார்கள். மேலத்தெருவின் பெரிய குடும்பம் ஒன்றில் மூத்தவர், ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கி மாலையோடு வந்து நின்றவர், அவர்மேல் மட்டும் வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் தன் அம்மாவின் படத்தைக் கூடத்திலிருந்து கழற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அதன் பிறகு அவர் மழைக்காலத்திலும் இரவிலும் குடை இல்லாமல் வெளியே வந்ததில்லை.

கீழத்தெரு சாலை மறியல் செய்தது. அவர்களுக்கும் ஒரு துணைவேந்தர் வாய்த்தார். தையில் மரம் சிஜீஜியம் ஆதிமூலி ஆனது. மேலத்தெரு வெயிலுக்குப் போக, கீழத்தெரு நிழலுக்கு வந்தது. இசக்கித்துரை மறுபக்கம் வேர்த்தான். மேலத்தெருக்காரர்கள் பஸ்மேல் கல்லெறிந்தார்கள், கீழத்தெருக்காரர்கள் கல்லெறிந்தவர்கள்மேல் கல்லெறிந்தார்கள், காலனியில் போலீஸ் புகுந்து பன்னிரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனது.

எல்லாப் பக்கத்திலிருந்தும் அடி வாங்கிய ஞானதிரவியம், அவர் துறையில் இக்கட்டு வந்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். அங்கேயும் இரண்டு சாதி உண்டு: பார்க்கிறதையெல்லாம் பிரிப்பவர்கள், பார்க்கிறதையெல்லாம் சேர்ப்பவர்கள். அவர் பிரித்தார். வடக்குக் கிளையின் இலைநுனிக்கும் தெற்குக் கிளையின் இலைநுனிக்கும் நூலிழை வித்தியாசம் இருப்பதாகவும், எப்போதோ ஒட்டுப்போட்ட மரமாகையால் ஒரே அடிமரத்தில் மூன்று வகைகள் வளர்வதாகவும் கட்டுரை எழுதினார். வடக்குக் கிளை கொம்பையா வகை. தெற்குக் கிளை ஆதிமூலம் வகை. இந்த முறை காலனியையும் விட்டுவிடக் கூடாதென்று மனசாட்சியோடு போராடி, அத்தாட்சி கேட்காத ஒரு சிறு பத்திரிகையில் மேற்குக் கிளையைச் சடைச்சி வகை என்று அறிவித்தார். மேற்குக் கிளை சாக்கடைக்கு மேலே நீண்டிருந்தது.

மேற்பார்வையாளர் மேடம் ஜீப்பில் வந்து பார்த்து நிம்மதியானார்.

"பிரச்சன முடிஞ்சிருச்சில்ல? பிள்ளைங்கள அவங்கவங்க கிளைக்குக் கீழ உக்கார வைங்க."

"மேடம், மேற்க சாக்கடைல்லா போகுது."

"பலகை போட்டுக்கங்க."

"இந்த இசக்கித்துரைய எங்க வைக்க?"

மேடம் யோசித்தார். "நடுவுல" என்றார்.

"அப்ப நான் எங்க மேடம் நிக்க? எந்தக் கிளைக்குக் கீழ போனாலும் எம்மேல வெயிலுதான் அடிக்கி."

"தொப்பி வாங்கிக்கங்க" என்று சொல்லி மேடம் ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் காலனிப் பிள்ளைகள் பதினோரு பேரும் வரவில்லை. சந்தனமாரி கூப்பிடப் போனாள். முதல் வீட்டு வாசலிலேயே முத்துப்பேச்சி, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றாள்.

"சாக்கடைக்கு மேல எம் பேத்திய படுக்கவைக்கத்தான் சடைச்சி செத்தாளோ டீச்சர்?"

"நான் படுக்கவைக்க மாட்டேன் அக்கா. எல்லாரையும் ஒண்ணாத்தான் வைப்பேன்."

"எங்க வைப்பே? வெயில்லயா?"

பதினாறு பேர். மாதக் கடைசிக்குள் இருபது ஆகாவிட்டால் மையம் போய்விடும். சந்தனமாரி நேரே தாணுமாலயன் வீட்டுக்குப் போனாள். அவர் ஈஸிசேரில் சாய்ந்து தன்னுடைய ஐந்நூறு பக்கங்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சார், இந்தப் பேருங்க எல்லாத்தையும் எதுத்து நீங்க கமிட்டிக்கு எழுதணும்."

"எழுதி?"

"பழைய பேரே வரட்டும். அப்ப எல்லாருக்கும் நிழலு இருந்துச்சில்லா."

தாணுமாலயனின் முகத்தில் ஒரு வருடமாக இல்லாத வெளிச்சம் வந்தது. உலகத்தில் ஒரு ஜீவனாவது தன் கட்சியில் இருக்கிறது என்று நினைத்தார். அவள் பிள்ளைகள் கட்சி என்பதை அவர் கவனிக்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து, பெயர் நிலைத்தன்மை குறித்து முப்பது பக்க ஆட்சேபணை ஒன்றைத் தயார் செய்து அனுப்பினார்.

விஷயம் காலனிக்கு எட்டியதும் முத்துப்பேச்சி மரத்தடிக்கே வந்துவிட்டாள். "அடிச்சவன் பேரயே திரும்பக் கேட்டியளாமே? உங்க சாத்தூர்ல இப்பிடித்தானோ?"

"அவன் பேரு வரணும்னு கேக்கலக்கா. இந்தப் பேருங்க போகணும்னு கேக்கேன்."

"எல்லாம் ஒண்ணுதான். பேரு வைக்கவன் எவனும் எங்களப் பாத்து வைக்கல" என்று சொல்லிக்கொண்டே முத்துப்பேச்சி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். துடைத்த கை அப்படியே நின்றது. கழுத்து குளிர்ந்திருந்தது. அவள்மேல் நிழல் விழுந்திருந்தது. சந்தனமாரிமேலும் விழுந்திருந்தது. பஸ்ஸுக்கு நின்ற மேலத்தெருக்காரர்மேலும், அவரை முறைத்துக்கொண்டு நின்ற கீழத்தெருக்காரர்மேலும், வழிதவறி வந்த ஐஸ் வண்டிக்காரர்மேலும், வண்டிமேலும், இசக்கித்துரையின் இரண்டு பக்கங்களிலும் விழுந்திருந்தது.

அன்று மாலை கடாட்சம் கடையில் ஞானதிரவியம் தலையைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். ஒரு பெயர்மேல் ஆட்சேபணை வந்து கமிட்டி அதை எடுத்துக்கொண்டால், தீர்ப்பு வரும்வரை வழக்கத்தில் எது இருக்கிறதோ அதுவே தொடரவேண்டும் என்பது விதி. வழக்கத்தில் இங்கே இருந்தது ட்ராவர்ஸும் இல்லை, கொம்பையாவும் இல்லை. நூறு வருடமாக ஊர் அதை மரம் என்றுதான் சொல்லிவந்தது.

"அப்பிடின்னா ஸ்டே ஆர்டர்" என்றார் கடாட்சம்.

கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. தாத்தா போட்ட வரப்பு வழக்குக்குப் பேரன் வாய்தாவுக்குப் போகிற ஊர் அது. தாவரவியல் தெரியாதே தவிர, நிலுவை என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தாணுமாலயனின் ஆட்சேபணை ஜெயிக்கக் கூடாது, ஜெயித்தால் ட்ராவர்ஸ் குதிரையோடு வந்துவிடுவான். தோற்கவும் கூடாது, தோற்றால் ஆளுக்கொரு கிளை, காலனிக்குச் சாக்கடை. அது கிடக்க வேண்டும். கிடந்தால் நிழல். காலனிப் பிள்ளைகள் பாய்க்குத் திரும்பி வந்தார்கள்.

வழக்கு கிடக்க வேண்டுமானால் சண்டை நடக்க வேண்டும், இரண்டு பேராசிரியர்களும் சமாதானமாகக் கூடாது என்று ஊர் முடிவுகட்டியது. சந்தனமாரிதான் இதற்கு முன்னால் நின்றாள். ஞானதிரவியம் கொஞ்சம் தளர்வதாகத் தெரிந்தால், "தாணு சார் உங்க கோரையப் பத்தி என்னமோ சொன்னாராம் சார்" என்று போகிற போக்கில் போட்டுவிட்டுப் போவாள். தாணுமாலயன் கிழக்கு ரோட்டில் தனியாக நடக்கையில் மேற்கே திரும்பிப் பார்த்தால், "உங்க பேரு வச்ச பாசிய பாத்ரூம்ல பாத்ததா ஞானதிரவியம் சார் சொல்லுதாராம் சார்" என்பாள். கல்யாண வீடுகளில் இருவரையும் வெவ்வேறு பந்தியில் உட்காரவைத்தார்கள். முடிதிருத்துகிறவர் ஒருவருக்கு ஞாயிறும் ஒருவருக்குப் புதனும் ஒதுக்கினார். ஞானதிரவியத்தின் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது தாணுமாலயன் வெள்ளிக் கொலுசு வாங்கி யாரிடமோ கொடுத்தனுப்பினார். அந்த யாரோ அதைப் பாதிவழியில் கடாட்சத்திடம் கொடுத்தார், கடாட்சம் டீத்தூள் டப்பாவுக்குள் போட்டு மூடிவைத்தார். நேரில் விசாரிக்கக் கமிட்டி இரண்டு முறை தாணுமாலயனைக் கூப்பிட்டது. முதல் முறை மூட்டுவலி என்றார். இரண்டாம் முறை வீடியோவில் வரச்சொன்னார்கள். சரியாக அந்த மணிக்கு ஊரில் கரண்டு போனது. லைன்மேனுக்கு மூன்று வயதில் ஒரு பெண் இருந்தாள்.

வருடங்கள் இப்படிப் போயின. மரத்தடியில் தூங்கிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், அவர்களின் தம்பி தங்கைகள் பாய்க்கு வந்தார்கள். கட்டிடம் வருவதாக மூன்று தேர்தலில் சொன்னார்கள். சந்தனமாரிக்குத் தலை நரைத்தது. சில காலைகளில், ஒரு கிழவர் கிழக்கேயும் ஒரு கிழவர் மேற்கேயும் கைகளை வீசிக்கொண்டு தனித்தனியாகப் போவதை அவள் பாயை உதறியபடி பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

2022 ஆடியில் தாணுமாலயனைத் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஞானதிரவியம் யாருக்கும் தெரியாமல் சாத்துக்குடியோடு போய்ப் பார்த்தார் என்ற செய்தி, அவர் திரும்பி வருமுன் ஊருக்கு வந்துவிட்டது. "சண்டையோட போக மனசு வரலவே, ஆட்சேபணைய வாபஸ் வாங்கிருதேன்" என்று தாணுமாலயன் சொன்னாராம். ஞானதிரவியம் அழுதாராம்.

சந்தனமாரி பிள்ளைகளை முத்துப்பேச்சியின் பொறுப்பில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன கேட்பது என்று யோசித்தாள். சாகப்போகிற மனுஷனிடம் சண்டையை விடாதீர்கள் என்று எந்த வாயால் கேட்பது என்று தெரியவில்லை. போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் ஞானதிரவியம் உட்கார்ந்திருந்தார்.

"கேக்க வந்தத கேளு டீச்சர்" என்றார் தாணுமாலயன். குரல் ஓலைபோல இருந்தது.

"வாபஸ் வாங்காதீங்க சார்."

"எத்தன பிள்ளைய இப்ப?"

"முப்பத்தொண்ணு."

"எதாவது ஒண்ணு பாட்டனி படிக்குமா?"

"தெரியாது சார்."

"படிக்க வேண்டாம்னு சொல்லு."

ஞானதிரவியம் சிரிக்கப் பார்த்து முடியாமல் மூக்கைச் சிந்தினார். தாணுமாலயன் ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நகர்த்தி அவர் முழங்கால்மேல் வைத்தார்.

"ஓய். ஆட்சேபணை அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நாம சமாதானமாயிருவோம்."

"சமாதானமாயிட்டா கேசு எப்பிடிவே நிக்கும்?"

"கேசு கமிட்டியிலல்லா கெடக்கு. நீரும் நானும் இங்கல்லா கெடக்கோம். ஒண்ணுக்கொண்ணு என்ன சம்பந்தம்?"

ஒரு சம்பந்தமும் இல்லை. எந்த விதியும் அப்படிச் சொல்லவில்லை. ஊர்தான் சொன்னது, சந்தனமாரிதான் வீடு வீடாகப் போய் அதைக் காப்பாற்றினாள். எட்டு வருடக் காலைகள், எட்டு வருட டீ, ஒரு கொலுசு. அவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ போம்மா" என்றார் ஞானதிரவியம், அவளைப் பார்க்காமல். "பிள்ளைங்க எந்திரிக்கிற நேரம்."

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தும்போது உள்ளே இலை நரம்பைப் பற்றி ஏதோ ஒரு வாக்குவாதம் ஆரம்பமாகியிருந்தது.

2022 ஆகஸ்ட் 17, புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்குப் பேராசிரியர் தாணுமாலயன் காலமானார். ஆட்சேபணையை எழுப்பியவர் மட்டுமே அதைத் திரும்பப் பெறலாம், அவரை ஒரு முறையாவது விசாரிக்காமல் தள்ளுபடி செய்யவும் கூடாது என்பது கமிட்டியின் விதி. நவம்பர் கூட்டத்தில் தலைவர், மரத்தின் விவகாரம் நிலுவையில் இருப்பதாகப் பதிவுசெய்துவிட்டு அடுத்த பொருளை எடுத்துக்கொண்டார். அடுத்த பொருள் ஒரு பூஞ்சை.